யாருக்கும் அளவெடுக்காத செவ்வகம்

வீட்டு டிவி, மடிக்கணினி, விமான நிலைய அறிவிப்புப் பலகை, உணவகத்தில் விலைப்பட்டியல் காட்டும் திரை என்று எங்கு பார்த்தாலும் பெரும்பாலும் ஒரே வடிவம்தான்: அகலம் 16, உயரம் 9. நம் கண்கள் பக்கவாட்டில் அமைந்திருப்பதால் இதுவே இயற்கையான வடிவம் என்று சொல்வதுண்டு. வரலாறு அதற்கு ஒத்துவரவில்லை. பழைய டிவியின் 4:3 ஊமைப்பட ஃபிலிமிலிருந்து வந்தது. டிவி வந்து தியேட்டரில் கூட்டம் குறையவே, ஹாலிவுட் 1953-இல் ‘தி ரோப்’ படத்தோடு சினிமாஸ்கோப்புக்கு விரிந்தது; தமிழுக்கு அது 1973-இல் ‘ராஜ ராஜ சோழ’னோடு வந்தது. 1980-களில் உயர்துல்லிய ஒளிபரப்புக்கு வடிவம் தேடிய அமெரிக்கப் பொறியாளர் கெர்ன்ஸ் பவர்ஸ், புழக்கத்தில் இருந்த செவ்வகங்களைச் சம பரப்பில் எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தார். எல்லாவற்றையும் அடக்கும் வெளிச்சட்டமும் எல்லாவற்றுக்கும் பொதுவான உட்சட்டமும் 1.77 என்ற அகல-உயர விகிதத்தை ஒட்டி அமைந்தன. அதாவது 16:9. இதில் 4:3 படத்தை ஓட்டினால் பக்கவாட்டில் கால் பங்கு இருட்டு, 2.35 விகித அகலப் படத்தை ஓட்டினால் மேலும் கீழுமாகக் கிட்டத்தட்ட அதே கால் பங்கு. இரு தரப்புக்கும் சம நட்டம் வைத்த பஞ்சாயத்துத் தீர்ப்பு இது. கண்ணைக் கேட்டு எழுதியதல்ல.

டிவிக்கு இந்தத் தீர்ப்பு நியாயமானதே. வாசிக்கவும் எழுதவும் வாங்கும் திரைக்கும் அதையே விதித்ததுதான் வம்பு. திரையை மூலைவிட்ட அங்குலத்தில் விற்கிறார்கள். 15 அங்குல 4:3 திரை 12-க்கு 9, ஆக 108 சதுர அங்குலம். அதே 15 அங்குலம் 16:9 ஆனால் சுமார் 96 தான். பெட்டியில் எண் மாறாமலேயே பரப்பில் பதினொரு சதவீதம் போய்விடுகிறது. போவது உயரத்தில், வரிகள் அடுக்கப்படும் திசையில். ஒரே வடிவத்தில் கண்ணாடித் தகட்டை வெட்டினால் விலை குறையும், இரண்டு ஜன்னல்களைப் பக்கத்தில் பக்கத்தில் திறக்கலாம் என்பார்கள். முதலாவது உண்மை; இரண்டாவது மேசையில் வைக்கும் பெரிய திரைக்குப் பொருந்தும், மடிக்கணினிக்கு அவ்வளவாக இல்லை. 2014-இல் மைக்ரோசாஃப்ட் ‘சர்ஃபேஸ் புரோ 3’-ஐ 3:2-இல் கொண்டுவந்ததும், பல நிறுவனங்கள் இப்போது 16:10-க்குத் திரும்பியிருப்பதும் விலை மட்டுமே முடிவு செய்வதில்லை என்று காட்டுகின்றன.

கடைக்காரர்கள் சத்தமில்லாமல் வேறு வழி கண்டுவிட்டார்கள். ஆளுயர விளம்பரம் வேண்டுமென்றால் அதே 16:9 திரையை நட்டுக்குத்தலாக நிறுத்திவிடுகிறார்கள். மடிக்கணினியை அப்படி நிறுத்த முடியாது. அதனால் வாங்கும்போது அங்குலத்தோடு உயரத்தையும் கேட்பது நல்லது: 4:3-இல் அது மூலைவிட்டத்தில் 60 சதவீதம், 16:9-இல் 49.