கள்ளும் கள்ளுக்கடையும்

ஐரோப்பியர் பெருமையோடு பேசும் மதுவகைகளுள் போர்ட் வைன் ஒன்று. போர்த்துக்கல் நாட்டின் வடபாகத்திலே டூரோ என்னும் ஆறு ஓடுகிறது. அதன் இரு மருங்கிலும் உள்ள மலைச்சரிவுகளைப் படிப்படியாக வெட்டி, திராட்சைக் கொடிகளை வளர்க்கின்றனர். பழத்தைக் கருங்கல் தொட்டிகளிலிட்டுக் காலால் மிதித்துச் சாறெடுப்பது பழைய வழக்கம். சாறு இரண்டு மூன்று நாள் புளித்ததும், அதிலுள்ள சர்க்கரையில் ஏறக்குறையப் பாதி எஞ்சியிருக்கும்போதே, திராட்சையிலிருந்து வடித்த கடுஞ்சாராயத்தை அதில் ஊற்றுவர். நாலு பங்கு சாற்றுக்கு ஒரு பங்கு சாராயம் என்பது உத்தேசக் கணக்கு. அந்தக் காரத்தில் நொதிகள் செயலற்றுப்போகும், இனிப்பு நின்றுவிடும், மதுச்சத்து 20 விழுக்காட்டை ஒட்டி நிற்கும். பிறகு அதைப் பெரிய மரப்பீப்பாய்களில் அடைத்து, ஆற்றின் கழிமுகத்தில் உள்ள கிடங்குகளிலே ஆண்டுக்கணக்கில் உறங்கவிடுவர். வாரே என்னும் வணிக இல்லம் 1670லும், டெய்லர் 1692லும், சாண்டிமன் 1790லும் தொடங்கியதாகத் தம் குலவரலாற்றைக் கூறிக்கொள்கின்றன. எந்த மலைச்சரிவின் திராட்சைக்கு அந்தப் பெயர் உரியது என்று 1756ஆம் ஆண்டிலேயே போர்த்துக்கல் அரசு எல்லை வகுக்கத் தொடங்கிவிட்டது.

நம் நாட்டுக் கள்ளுக்கு இத்தகைய குலவரலாறு ஏன் வாய்க்கவில்லை என்று கேட்கலாம். பழமையில் அது குறைந்ததன்று. செய்யும் திறனிலும் குறைந்ததன்று. காரணம் வேறு. போர்ட் வைன் ஐம்பது ஆண்டு இருக்கும்; கள்ளுக்கு ஆயுள் ஒரு பகல். காலையில் இறக்கியது மாலையில் கள், மறுநாள் காடி. சேர்த்துவைக்க முடியாத பொருளுக்குக் கிடங்கு ஏது? கிடங்கு இல்லாத வணிகத்துக்கு இல்லப்பெயர் ஏது? குடிப்பவன் இருக்கும் இடத்துக்கு அருகிலேயே, அன்றன்றே விற்றுத் தீர்க்கவேண்டும். மலாயாவின் தோட்டப்புறங்களில் கள்ளுக்கடை லயத்தை ஒட்டியே நின்றதற்கு இந்த இயற்கையும் ஒரு காரணம். வேறு காரணங்களும் உண்டு, அவற்றைப் பின்னர்க் காண்போம்.

முதலில் கள் இறக்கும் முறை. விரியாத தென்னம்பாளை ஒன்றைத் தேர்ந்து, அது வெடித்துவிடாதபடி நாராலோ கயிற்றாலோ இறுகக் கட்டுவர். காலையும் மாலையும் மரமேறி, சிறு கட்டையாலோ எலும்பாலோ பாளையை மெல்லத் தட்டிக்கொடுப்பர். ஒரு வாரம், சில மரங்களுக்கு இரண்டு வாரம்கூட, இப்படித் தட்டினால் உள்ளே இழைகள் நெகிழ்ந்து சாறு நுனியை நோக்கி ஓடத் தொடங்கும். பாளையைச் சற்றே வளைத்து, நுனியைச் சீவி, கலயத்தை மாட்டுவர். அதன்பின் நாள்தோறும் இருவேளை மெல்லிய சீவல் ஒன்றை எடுக்கவேண்டும்; எடுக்காவிட்டால் வெட்டுவாய் காய்ந்து சாறு நின்றுவிடும். தடிமனாகச் சீவினால் பாளை விரைவில் தீர்ந்துவிடும். இந்தக் கைப்பதம் ஏட்டில் படித்து வருவதன்று. நல்ல மரம் ஒன்று நாளொன்றுக்கு ஒன்றரை அல்லது இரண்டு லிட்டர் தரும். அந்தப் பாளையில் தேங்காய் விளையாது என்பதை மரத்துக்குடையவன் கணக்கிட்டுக்கொள்ள வேண்டும்.

இலங்கையின் மேற்குக் கரையில் மரத்துக்கு மரம் கயிறு கட்டி, அதன்மேல் நடந்தே தோப்பு முழுவதையும் சுற்றிவருவார்கள். நம்மவர் காலில் தளையிட்டு ஒவ்வொரு மரமாக ஏறி இறங்கினார்கள். நாற்பது ஐம்பது அடி உயரத்தில், மழையில் வழுக்கும் மரத்தில், ஒரு கையில் கத்தியும் இடுப்பில் கலயமுமாகத் தொங்கிய அந்த மரமேறியின் உழைப்பைக் கள்ளைப் போற்றியவரும் எண்ணவில்லை, தூற்றியவரும் எண்ணவில்லை.

கலயத்தில் சொட்டும்போது அது கள் அன்று; தெளிந்த இனிய சாறு. நூற்றுக்குப் பதினைந்து பங்கு அளவுக்குச் சர்க்கரை அதில் உண்டு. கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு பூசியிருந்தால் நுண்ணுயிர்கள் பெருகமாட்டா; அதுவே பதநீர். காய்ச்சினால் வெல்லம். சுண்ணாம்பில்லாத கலயத்தில், காற்றிலிருந்தும் பழங்கலயத்தின் வண்டலிலிருந்தும் ஈஸ்ட் என்னும் நொதியும் பலவகைப் பாக்டீரியாக்களும் புகுந்து வேலையைத் தொடங்கிவிடும். சில நுண்ணுயிர்கள் புளிப்பை உண்டாக்கும். நொதி சர்க்கரையை உடைத்து மதுச்சத்தும் கரிவளியும் ஆக்கும். கள் நுரைப்பது அந்தக் கரிவளியால். பால்போல் வெளுத்திருப்பது அதில் மிதக்கும் கோடிக்கணக்கான நுண்ணுயிர்களால். அரைநாளில் மதுச்சத்து 4 முதல் 6 விழுக்காடு வரை ஏறும். அதன்பின் வேறொரு வகைப் பாக்டீரியா வந்து மதுவைக் காடியாக்கும். ஆப்பமாவு புளிக்கக் கள்ளைச் சேர்ப்பதும், சமையலுக்குத் தென்னங்காடி பயன்படுவதும் இந்த ஒரே ஓட்டத்தின் வெவ்வேறு கட்டங்கள்.

பழந்தமிழ் நூல்களில் கள், நறவு, தேறல், மட்டு, தோப்பி எனப் பல பெயர்கள் வழங்குகின்றன. மூங்கிற் குழாயிலிட்டு நெடுநாள் முதிரவைத்த தேறலைப் பற்றியும் அவற்றில் குறிப்பு உண்டு. ஆகவே மதுவை முதிரவைக்கும் கலையைத் தமிழர் அறியாதவர் அல்லர். யவனர் கொண்டுவந்த குளிர்ந்த மதுவைப் பாண்டியன் நன்மாறனுக்குப் பொற்கலத்தில் ஏந்தித் தந்ததை நக்கீரர் புறநானூற்றில் பாடியிருக்கிறார். 1945ஆம் ஆண்டு புதுச்சேரிக்கு அருகில் அரிக்கமேட்டில் நடந்த அகழாய்வில் மேலைநாட்டு மதுச்சாடிகளின் உடைசல்கள் கிடைத்தது அந்தப் பாட்டுக்குச் சான்றாயிற்று. அதியமானின் ஈகையைப் பாட வந்த ஔவையார், சிறிதளவு கள் கிடைத்தால் எமக்கே தந்துவிடுவான் என்று நினைந்து அழுகிறார். மறுபுறம் திருவள்ளுவர் கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரத்தையே ஒதுக்கினார். ஒரே இலக்கியத்தில் இரண்டும் உண்டு. ஒன்றை மட்டும் எடுத்துக்காட்டி மேடையில் முழங்குவது எளிது.

இனி மலாயாவுக்கு வருவோம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் தமிழகத்திலிருந்து கப்பலேறிய மக்கள், கிள்ளான், காப்பார், கோல சிலாங்கூர் வட்டாரங்களின் தோட்டங்களிலும், பிரிக்ஃபீல்ட்ஸ், செந்தூல் பகுதிகளின் ரயில்வே குடியிருப்புகளிலும் வந்து தங்கினர். சீனத் தொழிலாளிக்கு அபினி போலத் தமிழ்த் தொழிலாளிக்குக் கள் என்று ஆட்சியினர் கணக்கிட்டனர். அபினி வருமானம் நீரிணைக் குடியேற்ற அரசின் மொத்த வருவாயில் சில ஆண்டுகளில் பாதியளவுக்கு எட்டியதுண்டு. கள்ளின் வருமானம் அவ்வளவு பெரிதன்று. ஆயினும் அதனால் தோட்ட நிருவாகத்துக்கு வேறொரு பயன் இருந்தது. கடை தோட்டத்துக்குள்ளேயே இருந்தால் தொழிலாளி வெளியே போகமாட்டான். வெளியே போகாதவன் மறுநாள் விடியற்காலைப் பிரட்டுக்கு வந்து நிற்பான். அவன் பெற்ற கூலியில் ஒரு பகுதி தோட்டத்தின் எல்லையைத் தாண்டாமலே திரும்பிவிடும்.

தோட்டக் கள்ளுக்கடைக்கு அரசாங்க உரிமம் உண்டு. இலாபத்தைத் தொழிலாளர் நலனுக்கே செலவிட வேண்டும் என்பது விதி. விளையாட்டுக்கும் திருவிழாவுக்கும் அந்தப் பணம் போயிற்று. குடித்துக் கரைத்த காசின் மிச்சம் அம்மன் கோயில் பந்தலாகத் திரும்பி வந்தபோது, அதையும் துரையின் தருமம் என்று கும்பிட்டவர்கள் இருந்தார்கள்.

கள்ளுக்கு ஆதரவாக அந்நாளில் ஒரு மருத்துவ வாதமும் எழுந்தது. நொதியில் பி வகை வைட்டமின் இருப்பதால் கள் தொழிலாளிக்கு உணவாகும், பெரிபெரி நோயைத் தடுக்கும் என்றனர். நொதியில் அந்தச் சத்து இருப்பது உண்மைதான். ஆனால் இந்த வாதத்துக்கு எதிரான சான்று கோலாலம்பூரிலேயே இருந்தது. 1905ஆம் ஆண்டில் வில்லியம் ஃபிளெச்சர் என்னும் மருத்துவர் இங்குள்ள மனநோய் மருத்துவமனையில் ஒரு பகுதியினருக்குத் தீட்டிய பச்சரிசியும் மற்றவர்க்குப் புழுங்கலரிசியும் கொடுத்துப் பார்த்தார். பச்சரிசி உண்டவரிடையே பெரிபெரி பரவிற்று. புழுங்கலரிசி உண்டவரை அது அண்டவில்லை என்றே சொல்லலாம். பின்னர் ஃபிரேசர், ஸ்டாண்டன் என்னும் இருவர் கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தில் இதை மேலும் ஆராய்ந்து நிறுவினர். நெல்லைப் புழுக்கும்போது தவிட்டிலுள்ள சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. தமிழ்த் தொழிலாளியின் கஞ்சிப் பானையில் இருந்தது புழுங்கலரிசி. பெரிபெரியிலிருந்து அவனைக் காத்தது அதுவே. சோற்றிலேயே கிடைத்த மருந்துக்காக அவன் கடைவாசலில் காசு கொடுக்க வேண்டியதில்லை.

கடையை மூடு என்று கேட்டவர் யார் என்பதுதான் இந்த வரலாற்றில் கவனிக்கத்தக்கது. தமிழகத்தில் 1921இல் காங்கிரஸார் கள்ளுக்கடை மறியல் நடத்தினர். பெரியார் தம் தோப்பிலிருந்த தென்னைகளை வெட்டிச் சாய்த்தார். அங்கே வழிநடத்தியவர் தலைவர்கள். மலாயாவிலோ 1941ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் தாமே வேலைநிறுத்தத்தில் இறங்கினர். கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கம் அவர்களுக்குத் துணைநின்றது. அதன் முன்னணியில் இருந்த ஆர். எச். நாதன், 1924 முதல் 2019 வரை வெளிவந்த ‘தமிழ் நேசன்’ நாளிதழில் பணியாற்றியவர். சீனத் தொழிலாளிக்கு ஈடான கூலி, பிள்ளைகளுக்கு முறையான கல்வி, மருத்துவ வசதி, பெண்களை இழிவுபடுத்துவதற்கு முடிவு, துரையின் எதிரில் சைக்கிளைவிட்டு இறங்காமல் போகும் உரிமை ஆகியவற்றோடு, தோட்டத்துக் கள்ளுக்கடைகளை மூடவேண்டும் என்பதும் அவர்களுடைய கோரிக்கைகளுள் ஒன்று.

சைக்கிளும் கள்ளுக்கடையும் ஒரே பட்டியலில் ஏன் வந்தன என்று சிலர் வியந்தனர். வியப்புக்கு இடமில்லை. இரண்டும் மானத்தைப் பற்றியவை. “கூலியை உயர்த்தினால் இவர்கள் குடித்தே தீர்த்துவிடுவார்கள்” என்பது தோட்டக்காரர்கள் வழக்கமாகச் சொல்லிய விடை. கூலியோடு கடைமூடலையும் சேர்த்துக் கேட்டபோது அந்த விடைக்கு வாயடைத்துப் போயிற்று. மே மாதத் தொடக்கத்தில் நாதன் கைதானார்; பின்னர் இந்தியாவுக்கு நாடுகடத்தப்பட்டார். அவர் கைதானதும் வேலைநிறுத்தம் காட்டுத்தீயாகப் பரவிற்று. படை வந்தது, சிலாங்கூரில் நெருக்கடிநிலை அறிவிக்கப்பட்டது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் உயிரிழந்தனர். கடைகள் மூடப்படவில்லை.

போருக்குப் பின்னர் இக்குரல் வடக்கே கெடாவில் மீண்டும் எழுந்தது. தொண்டர் படை என்ற பெயரில் இளைஞர்கள் அணிவகுத்து, குடிப்பவரைக் கண்டித்தும் கடைகளை மறித்தும் தோட்டந்தோறும் சென்றனர். இந்திய தேசிய இராணுவத்தின் கட்டுப்பாடு அவர்கள் நடையில் இருந்தது. குடித்தவரைத் தண்டித்ததில் அவர்கள் சிலவேளை எல்லை கடந்தனர் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. 1947 பிப்ரவரி இறுதியில் பீடோங்கில் நடந்த கள்ளுக்கடை மறியல் போலீஸாரோடு மோதலாகி, தொழிலாளர் உயிரிழக்கும் அளவுக்குச் சென்றது.

இவ்வளவு பாடுபட்டும் மூடாத கடைகளைக் காலம் மூடியது. ரப்பர் தோட்டங்கள் செம்பனைக்கு மாறின, கிள்ளான் பள்ளத்தாக்கில் செம்பனையும் வெட்டப்பட்டு வீடமைப்புத் திட்டங்கள் எழுந்தன, லயங்கள் மறைந்தன. இங்கே ஒரு வேடிக்கையைச் சொல்லாமல் இருக்க இயலவில்லை. இந்நாட்டின் முதல் வாணிகச் செம்பனைத் தோட்டம் 1917இல் கோல சிலாங்கூர் வட்டாரத்தில் பயிரிடப்பட்டது. அதன் பெயர் தென்னமரம் தோட்டம்! மேற்கு ஆப்பிரிக்காவில் அதே செம்பனையிலிருந்து கள் இறக்கிப் பரம்பரையாகக் குடிக்கிறார்கள். சிலாங்கூரில் எண்ணெய்க்கு மட்டுமே அதை நட்டனர், கலயம் மாட்டவில்லை.

ஆனால் கள்ளுக்கடை போன இடத்தில் வந்தது பாலோ மோரோ அன்று. சம்சு என்னும் மலிவான வடிசாராயம் சிறு சிறு புட்டிகளில் மளிகைக் கடைவரை வந்து சேர்ந்தது. கள்ளில் 5 விழுக்காடு இருந்த மதுச்சத்து சம்சுவில் அதைப்போல் பல மடங்கு. கள் ஒரு பகலில் காடியாகிவிடும். ஆகவே அதைக் குடிக்கவும் ஒரு வேளை உண்டு. சம்சுப் புட்டி அலமாரியில் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும். பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் இதை எதிர்த்துப் பல ஆண்டுகள் எழுதியது. இதனினும் கொடியது கள்ளச்சரக்கு. 2018 செப்டம்பரில் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் போலி மதுவைக் குடித்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதிலே கலந்திருந்தது மெத்தனால் என்னும் தொழிற்சாலைச் சாராயம். உடலுக்குள் அது ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண் நரம்பை முதலில் தாக்கும், பார்வை மங்கும், பிறகு மூச்சு முட்டும். மாண்டவருள் பலர் அயல்நாட்டிலிருந்து கூலிவேலைக்கு வந்தவர்கள். நூறாண்டுகளுக்கு முன் கிள்ளான் தோட்டங்களில் நம் பாட்டனார் இருந்த நிலையில் அவர்கள் இருந்தார்கள்.

தமிழகத்தில் 1987 முதல் கள் விற்பனைக்குத் தடை உள்ளது. அரசின் கடைகளில் ஆலைமது விற்கிறது. பனையும் தென்னையும் வைத்திருப்போர் கள் இறக்க உரிமை கேட்டு வாதிட்டுவருகின்றனர். கேரளத்தில் கள் சட்டப்படி விற்கிறது. இலங்கையில் தென்னங்கள்ளை வடித்து மரப்பீப்பாயில் முதிரவைத்த சாராயம் கப்பலேறுகிறது. ஒரே பாளையின் சாறு. கடல் கடந்தால் சட்டம் வேறு. மலேசியாவில் உரிமம் பெற்று விற்கும் கள் இன்றும் உண்டு. ஆனால் பாளை சீவத் தெரிந்த கைகள் அருகிவிட்டன. மரமேறுவோர் மகன்கள் மரமேறுவதில்லை.