வெந்நீரில் வெயில் உண்ணும் உயிர்கள்

யட்டவத்தப் பக்கத்துத் தோட்டங்களில் பீலித் தண்ணீர் விழும் கல்லில் கரும்பச்சையாக ஒரு படலம் ஒட்டியிருக்கும். பாசி, வழுக்கும் என்று பிள்ளைகளை எச்சரிப்போம். பெரும்பாலும் அதற்குள் சயனோபற்றீரியாவும் இருக்கும். வெயிலைப் பிடித்துத் தன் உணவைத் தானே ஆக்கிக்கொள்ளும் நுண்ணுயிர் அது. நீலப்பச்சை அல்கா என்று பாடப்புத்தகத்தில் படித்திருப்போம். அதன் உறவுகள் சில, நாம் கைவைத்தால் தோல் வெந்துபோகும் நீரிலும் குடியிருக்கின்றன.

யட்டவத்த மலைகளில் ஊறுவது குளிர்ந்த நீர். வெந்நீர் வேண்டுமென்றால் தம்புள்ளை, ஹபரண, கந்தளாய் வழியாகத் திருகோணமலைக்குப் போகவேண்டும். அங்கே கன்னியாவில் சுவர் கட்டிய ஏழு சிறு கிணறுகள் இருக்கின்றன. தாயின் இறுதிக் கிரியைக்காக இராவணன் நிலத்தைக் குத்தி வரவழைத்தவை என்பது ஐதீகம். இன்றும் அங்கே அந்தியேட்டிக் கிரியை செய்கிறார்கள். அந்த நீரின் வெப்பம் 40 பாகை செல்சியஸை ஒட்டியது. அம்பாறை மாவட்டத்து மஹாஓயாவில் 55 அளவில் இருக்கும். நாட்டிலேயே மிகச் சூடானதாகச் சொல்லப்படும் கபுரெல்லவில் 70ஐ ஒட்டிவிடும்.

இலங்கையில் எரிமலை கிடையாது. மழைநீர் பாறை வெடிப்புகள் வழியே ஆழத்துக்கு இறங்குகிறது. ஒவ்வொரு கிலோமீற்றர் ஆழத்துக்கும் பூமியின் சூடு ஏறத்தாழ 25 பாகை கூடும். அந்தச் சூட்டை வாங்கிக்கொண்டு நீர் வேறொரு வெடிப்பு வழியாக மேலே வந்துவிடுகிறது.

இந்தச் சூட்டில் ஒளித்தொகுப்பு நடப்பதுதான் வியப்பு. தேயிலைச் செடி 35 பாகையைத் தாண்டினாலே சுணங்கிவிடும். பெரும்பாலான பயிர்களில் 45 பாகைக்குள்ளேயே, நீரைப் பிளந்து ஒட்சிசனை வெளிவிடும் பொறி பழுதாகத் தொடங்கும். பச்சையத்தைத் தாங்கி நிற்கும் மென்சவ்வும் கசிய ஆரம்பிக்கும். வெந்நீர்ப் பற்றீரியாக்களுக்கோ புரதங்களும் சவ்வும் சூட்டைத் தாங்கும்படியே அமைந்திருக்கின்றன. ஆனாலும் அவற்றுக்கும் ஓர் எல்லை உண்டு. சுமார் 73 பாகைக்கு மேல் எந்த உயிரும் ஒளித்தொகுப்பு செய்வதாக அறியப்படவில்லை. அதைவிடச் சூடான நீரிலும் பற்றீரியாக்கள் வாழ்கின்றன. ஆனால் அவை வெயிலை நம்பி வாழ்பவை அல்ல.

அமெரிக்காவின் யெலோஸ்டோன் பூங்காவில் இந்த எல்லையைக் கண்ணாலேயே காணலாம். ஊற்றுக்கண்ணில் பச்சை இருக்காது. வழிந்தோடும் நீர் ஆறிக்கொண்டே போக, ஓரிடத்தில் மெல்லிய மஞ்சள்பச்சை தொடங்கும். பிறகு செம்மஞ்சள், இன்னும் தள்ளிப் பழுப்பு. 1960களில் தோமஸ் புரொக் என்ற நுண்ணுயிரியலாளரை அங்கே கட்டிப்போட்டது இந்த நிறமாற்றம்தான். அந்தத் தேடலில் கிடைத்து, 1969இல் அவரும் அவர் மாணவர் ஹட்சன் ஃபிரீஸும் விவரித்த தேர்மஸ் அக்குவாட்டிக்கஸ் ஒளித்தொகுப்பு செய்யாத பற்றீரியா. ஆனால் அதன் நொதியம்தான் பிசிஆர் பரிசோதனையைச் சாத்தியமாக்கியது. கொரோனாக் காலத்தில் நம் மூக்கில் குச்சி விட்டு எடுத்த மாதிரிகளைச் சோதித்தது அந்த முறையே.

அப்படிப்பட்ட ஊற்றோரப் படலத்தைக் கத்தியால் கீறிப் பார்த்தால் மேலே ஓரிரு மில்லிமீற்றர் பச்சை, அதன் கீழே செம்மஞ்சள். பச்சை சயனோபற்றீரியா. செம்மஞ்சள் பெரும்பாலும் குளோரோஃப்ளெக்ஸஸ் போன்ற இழைப் பற்றீரியாக்கள். குளோரோஃப்ளெக்ஸஸை 1974இல் பெவர்லி பியர்சனும் ரிச்சர்ட் காஸ்டன்ஹோல்ஸும் விவரித்தார்கள். மாத்தளைத் தோட்டங்களில் உயர்ந்த மரங்களின் நிழலில் கொக்கோ வளர்வதுபோல, மேலடுக்கு உண்டு மீந்த ஒளியில் கீழடுக்கு பிழைக்கிறது. அதுவும் நம் கண்ணுக்கே தெரியாத, சிவப்புக்கு அப்பாலுள்ள ஒளி. மேலடுக்கு கசியவிடும் சேதனப் பொருளையும் அது உண்ணும், ஒட்சிசனை வெளிவிடாது. அது நன்றாக வளர்வது 52 முதல் 60 பாகை வரை. மஹாஓயா நீரின் சூடு இந்த வரம்புக்குள் வருகிறது.

சூட்டுக்குக் குலையாத புரதம் ஆய்வுக்கூடத்திலும் எளிதில் சிதையாது. ஒளித்தொகுப்பில் நீரைப் பிளக்கும் பொறியின் நுண்ணமைப்பை 2011இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அணு அணுவாகக் காட்டினார்கள். நான்கு மங்கனீசு, ஒரு கல்சியம், ஐந்து ஒட்சிசன் சேர்ந்த சிறு கொத்து அது. அந்தப் புரதத்தை அவர்கள் எடுத்தது வெந்நீரூற்றுச் சயனோபற்றீரியாவிலிருந்துதான். பீலிக் கல்லிலும் தேயிலைக் கொழுந்திலும் இதே கொத்துதான் வேலை செய்கிறது.

நம் ஊற்றுகளைச் சுற்றிச் சீமெந்து பூசிக் குளிப்பதற்கு வசதி செய்திருக்கிறோம். யாத்திரிகர்கள் வழுக்கி விழாமலிருக்கக் கிணற்றடியைத் தேய்த்துக் கழுவத்தான் வேண்டும். ஆனால் நீர் வழிந்தோடும் வாய்க்காலிலும் தும்புத்தடி போட்டுச் சுரண்டுவதும், சோப்பு நுரையை அதில் விடுவதும் எனக்கு வலிக்கிறது. வாய்க்காலில் சில மீற்றர் நீளத்தையாவது தொடாமல் விட்டுவைக்கலாம். உயர்தர உயிரியல் மாணவர்களை ஒரு வெப்பமானியோடும் நுணுக்குக்காட்டியோடும் அங்கே கூட்டிப்போனால், நிறம் எந்தப் பாகையில் மாறுகிறது என்று அவர்களே குறித்துக்கொள்வார்கள்.