இல்லந்தேடிச் செல்லும் பராமரிப்பு

பக்கவாதத்தினாற் படுக்கையில் விழுந்த தந்தை, போரிலே காலை இழந்த மகன், கண்ணொளி மங்கிய பாட்டி: இத்தகையோரை யாழ்ப்பாணக் குடாநாட்டின் எந்தக் கிராமத்திலும் காணலாம். முன்னாளில் இவர்களைப் பேணும் பாரத்தைக் கூட்டுக்குடும்பம் தாங்கியது. ஒருவர் சமைக்க, ஒருவர் நீராட்ட, ஒருவர் இரவில் விழித்திருக்க, வீட்டிலே கைகள் பல இருந்தன.

1983ஆம் ஆண்டின் பின் அந்நிலை மாறிற்று. போரும் இடப்பெயர்வும் பிள்ளைகளைக் கனடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் கொண்டு சென்றன. எத்தனையோ வீடுகளில் முதிய தம்பதியர் மாத்திரமே எஞ்சினர். கடல் கடந்து வரும் பணம் மருந்தை வாங்கும். நள்ளிரவில் நீர் கேட்பவரைத் தாங்கி எழுப்புமா? அப்பணமும் வாராத வீடுகளில் பாரம் முழுவதும் மனைவியின் மீதோ மகளின் மீதோ விழுகின்றது. அவள் கூலிவேலைக்குச் செல்லாவிடின் அடுப்பு எரியாது. சென்றாலோ நோயாளி தனித்துக் கிடப்பார்.

இலங்கையிற் சட்டங்கள் இல்லாமலில்லை. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் வலுவிழந்தோரின் உரிமைகளையும், 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் முதியோரின் உரிமைகளையும் பாதுகாக்க எழுந்தவை. தம்மைத் தாமே பேண இயலாத முதியோர், பிள்ளைகளிடமிருந்து பராமரிப்புப் பணம் கோரிச் சபையொன்றில் விண்ணப்பிக்கப் பின்னைய சட்டம் வழிவகுத்தது. கைதடியிலே முதியோர் இல்லம் உண்டு. 1987இல் தொடங்கிய யாழ்ப்பாண ஜெய்ப்பூர் நிலையம் செயற்கைக் கால் பொருத்திப் பலரை நடக்கச் செய்தது. ஆயினும், சொந்த வீட்டிலேயே வாழ விரும்புவோருக்கு நாள்தோறும் வேண்டப்படுவது பயின்ற ஒரு கையின் துணையாகும்.

அப்பயிற்சி அரியதன்று. படுக்கையிற் கிடப்பவரை இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டிவிடாவிடின், இடுப்பிலும் குதிக்காலிலும் இரத்தவோட்டம் தடைப்பட்டுப் புண் உண்டாகும். நிமிர்த்தி இருத்தாமல் உணவூட்டினால் அது மூச்சுக்குழலிற் புகுந்துவிடும். இவற்றை அறிந்த ஒருவர் காலையும் மாலையும் வந்து நீராட்டி, உடைமாற்றி, எஞ்சிய வேளைக்குரிய முறைகளை வீட்டாருக்குக் கற்பித்துச் சென்றாலே பெருந்துன்பம் குறையும். ஆழ்ந்துவிட்ட புண்ணுக்கு வாரக்கணக்காக வைத்தியசாலையிற் கிடப்பதினும் இது செலவு குறைந்தது.

எனினும், நாட்கூலி பெறும் குடும்பம் இதற்குரிய ஊதியத்தைத் தனித்துக் கொடுத்தல் இயலாது. இதற்கு வழிகாட்ட யாழ்ப்பாணத்தார் வேற்றுநாடு செல்லவேண்டியதில்லை. மூளாய்க் கிராமத்திலே 1930களிற் கூட்டுறவு முறையில் வைத்தியசாலை ஒன்றை நிறுவியவர்கள் அவர்களே. ஒருவரால் இயலாததைப் பலர் சேர்ந்து செய்யலாம் என்னும் அந்நெறியை வீட்டுப் பராமரிப்புக்கும் கொள்ளலாம். அங்கத்தவர் மாதந்தோறும் சிறுதொகை செலுத்துக. வெளிநாட்டிலுள்ளோர் தம் பெற்றோருக்கு மட்டுமன்றி ஊரின் பொதுநிதிக்கும் உதவுக. வறியோரின் பங்கை அரசு ஏற்க. ஊர்ப் பெண்களும் ஆண்களும் பயிற்சிபெற்று, நியாயமான கூலியுடன் இத்தொழிலை மேற்கொள்வர்.

முதுமை எவரையும் விலக்கிச் செல்வதில்லை. இன்று அயல்வீட்டுக்கு அமைக்கும் ஏற்பாடே நாளை தம் வீட்டுக்கும் துணையாகும்.