முடிச்சுக் கணிதம்

கயிற்றில் ஒற்றை முடிச்சுப் போட்டால் பொறுமையுடன் அவிழ்த்துவிடலாம். முனைகள் இரண்டையும் ஒட்டிவிட்டாலோ முடிச்சு வளையத்துள் சிறைப்பட்டுவிடும். கணித நூலார் முடிச்சு என்று கூறுவது இத்தகைய மூடிய கயிற்றையே. அதனை நீட்டலாம், வளைக்கலாம், அறுத்தல் ஆகாது. இவ்வாறு உருவம் மாறினும் மாறாத பண்புகளை ஆராயும் கணிதப் பிரிவு இடவியல் எனப்படும்.

1867ஆம் ஆண்டில், பிற்காலத்தில் கெல்வின் பிரபு எனப் புகழ்பெற்ற வில்லியம் தாம்சன், அணுக்கள் யாவும் ஈதரில் எழுந்த சுழல்முடிச்சுகளே என்று கருதினார். அவர் நண்பர் டெய்ட் முடிச்சுகளைப் பட்டியலிடலானார். அணுக்கொள்கை பொய்த்தது, பட்டியல் வளர்ந்தது.

இரு முடிச்சுகள் ஒன்றே என நிறுவ, ஒன்றை மற்றொன்றாக மாற்றிக் காட்டினால் போதும். வேறானவை என நிறுவுவது எவ்வாறு? ஆயிரம் முறை முயன்று தோற்றாலும் அது சான்றாகாது. ‘இயலவில்லை’ என்பது வேறு, ‘இயலாது’ என்பது வேறு. 1899இல் லிட்டில் என்பார் வெளியிட்ட பட்டியலில் வெவ்வேறெனக் குறிக்கப்பெற்ற இரு முடிச்சுகள் ஒன்றே என்பதை, 1974இல் பெர்கோ என்னும் நியூயார்க் வழக்கறிஞர் வெளிப்படுத்தினார்.

‘இயலாது’ என்று கூறுதற்கு எளிய வழி ஒன்றுண்டு. முடிச்சைத் தாளில் வரைக. இழைகள் குறுக்கிடும் இடத்தில் கீழிழையை இடைவெளி விட்டு வரைக. இடைவெளிகளால் படம் பல துண்டுகளாகும். ஒவ்வொரு துண்டுக்கும் மூன்று வண்ணங்களுள் ஒன்றைத் தருக. குறுக்கிடும் இடந்தோறும் சந்திக்கும் மூன்று துண்டுகளும் ஒரே வண்ணமாகவோ மூன்றும் வெவ்வேறாகவோ இருத்தல் வேண்டும். படம் முழுமையிலும் ஒன்றுக்கு மேற்பட்ட வண்ணம் வருதல் வேண்டும்.

கயிற்றை எவ்வாறு அசைப்பினும் படத்தில் நிகழும் மாற்றங்கள் மூன்று வகை அசைவுகளுள் அடங்கும் என்பதை 1927இல் ரைடமைஸ்டர் நிறுவினார். அம்மூன்றனுள் எதுவும் இவ்வண்ணப் பண்பைக் கெடுப்பதில்லை. வெறும் வளையத்தில் ஒரே இழை. ஆதலின் ஒரே வண்ணம். முனைகள் ஒட்டப்பெற்ற ஒற்றை முடிச்சின் படத்திலோ துண்டுகள் மூன்று. மூன்று வண்ணமும் விதிப்படி பொருந்தும். ஆகவே அது ஒருநாளும் வெறும் வளையமாகாது.

நான்கு இடங்களில் குறுக்கிடும் எட்டு வடிவ முடிச்சுக்கு இவ்விதி பொருந்தாது. அதனால் அது அவிழும் என்று கொள்ளலாகாது. இச்சோதனை அதனை வளையத்தினின்று பிரித்தறியவில்லை என்பதே பொருள். 1928இல் அலெக்சாண்டர் கண்ட பல்லுறுப்புக் கோவை அதனைப் பிரித்துக் காட்டும். ஒற்றை முடிச்சையும் கண்ணாடியில் தோன்றும் அதன் எதிருருவையும் வேறுபடுத்த அக்கோவையும் போதாது. 1984இல் வாகன் ஜோன்ஸ் கண்ட கோவை அதனையும் செய்யும்.

உயிரணுவின் டி.என்.ஏ. இழைகளிலும் முடிச்சுகள் விழுகின்றன. அங்கே நொதிகள், கணிதம் விலக்கிய செயலையே செய்கின்றன: இழையை வெட்டி, மற்றோர் இழையை அதனூடே செலுத்தி, மீண்டும் ஒட்டிவிடுகின்றன.