வெயிட் அடைத்துக்கொண்ட பிறகு

பிரஷர் குக்கர் மூடியில் ஆவி வெளியேற இரண்டு வழிகள் உண்டு. ஒன்று நடுவில் உட்காரும் வெயிட். அழுத்தம் ஏறினால் எழும்பி விசிலடிக்கும். இன்னொன்று சற்றுத் தள்ளிச் சின்னதாக இருக்கும் சேஃப்டி வால்வு. வருஷக்கணக்கில் அதற்கு வேலையே இருக்காது. பருப்பு நுரை வெயிட்டின் குழாயை அடைத்துக்கொண்டால்தான் அதன் முறை வரும். உள்ளே சூடு ஏறிக்கொண்டே போக, வால்விலுள்ள உலோகக் கலவை உருகி ஆவிக்கு வழிவிடும். குக்கர் தப்பிக்கும், வால்வு அத்தோடு சரி. கடையில் புதிது வாங்கிப் போட வேண்டும்.

பொறியாளர்களின் தொழில்நெறிக் கோவை இந்த இரண்டாவது வழி. அன்றாடப் பிழைகளுக்கு வெயிட்டே போதும்: சோதனை அறிக்கை, மேலாளருக்கு ஒரு குறிப்பு, ஆய்வுக் கூட்டம். அங்கே சொன்னது யார் காதிலும் ஏறாதபோதுதான் கேள்வி பிறக்கும். சம்பளம் தருபவர் முதலா, ரயிலில் ஏறப்போகிறவர் முதலா?

இதற்குப் பதில் எப்போதும் ஒன்றாக இருந்ததில்லை. அமெரிக்க மின்பொறியாளர் கழகம் 1912இல் வகுத்த கோவை, வேலை கொடுத்தவரின் நலனைக் காப்பதே முதற்கடமை என்றது. அதாவது, மூடியில் இரண்டாவது துளையே போடவில்லை. 1947இல் பல துறைகளுக்கும் பொதுவாக வந்த நெறிகள், மக்களின் உயிருக்கும் உடல்நலத்துக்கும் உரிய மதிப்புத் தரச் சொன்னதோடு நின்றன. மக்களின் பாதுகாப்பே எல்லாவற்றுக்கும் மேல் என்ற வாசகம் அவற்றில் ஏற 1974 வரை ஆயிற்று.

அந்தக் காலத்தில்தான் சான்பிரான்சிஸ்கோ வட்டாரத்தில் ‘பார்ட்’ ரயில் வந்தது. வேகத்தைத் தானியங்கிக் கருவியே கட்டுப்படுத்தும் புதிய ஏற்பாடு. அது சரியாகச் சோதிக்கப்படவில்லை என்று ஹோல்கர் ஹ்யோர்ட்ஸ்வாங், ராபர்ட் புரூடர், மாக்ஸ் பிளாங்கென்சீ என்ற மூன்று பொறியாளர்கள் மேலதிகாரிகளிடம் சொல்லிப் பார்த்தார்கள், எழுதியும் பார்த்தார்கள். பயனில்லை. கடைசியில் இயக்குநர் குழு உறுப்பினர் ஒருவரிடம் போனார்கள். குழுவோ நிர்வாகத்தின் பக்கம் சாய்ந்தது. 1972 மார்ச்சில் மூவருக்கும் வேலை போயிற்று. செப்டம்பரில் ரயில் ஓடத் தொடங்கியது. அக்டோபர் 2 அன்று ஃப்ரீமாண்ட் நிலையத்தில், வேகம் குறைக்க வேண்டிய இடத்தில் கருவி கூட்டச் சொல்லிவிட, ஒரு ரயில் தண்டவாளத்தின் முடிவைத் தாண்டிப் பாய்ந்தது. சிலருக்குக் காயம்.

உலோகம் யோசித்து உருகுவதில்லை. வீட்டுக் கடனும் பிள்ளைகளின் படிப்பும் அதற்குக் கிடையாது. மனிதர் யோசிப்பார். எது சரி என்று அவருக்குத் தெரியும், அதைச் சொல்லித்தர ஒரு கோவை தேவையில்லை. மறுப்பு அவருடைய தனிப்பட்ட பிடிவாதமாகப் பார்க்கப்படாமல், அந்தத் தொழிலின் மறுப்பாக முதலாளியின் மேசையில் போய் உட்கார வேண்டும். கோவை அதற்கான தாள் என்பதே என் எண்ணம். அந்தத் தாளுக்குப் பின்னால் சங்கம் நிற்காவிட்டால் அது சுவரில் மாட்டத்தான் உதவும்.

இங்கே சங்கம் வந்தது, மூன்று ஆண்டுகள் தாமதமாக. மூவரும் தொடுத்த வழக்கில் 1975 ஜனவரியில் ஐ.இ.இ.இ. என்ற சர்வதேசப் பொறியாளர் அமைப்பு, பழைய மின்பொறியாளர் கழகத்தின் வாரிசு, நீதிமன்றத்துக்கு ஒரு மனு அளித்தது. பொறியாளரின் வேலை ஒப்பந்தத்தில், மக்களின் பாதுகாப்பைக் காக்கும் கடமை எழுதாமலே அடங்கியிருக்கிறது. அதைச் செய்ததற்காக அவரை நீக்கினால் ஒப்பந்தத்தை மீறியது நிர்வாகம்தான் என்பது வாதம். 1912இன் வாசகத்தை அதன் வாரிசே தலைகீழாக்கியது.

வழக்கில் ஓர் ஓட்டையும் இருந்தது. தகவல் யார் கொடுத்தது என்று நிர்வாகம் முதலில் விசாரித்தபோது, தாங்கள் இல்லை என்று மூவரும் சொல்லியிருந்தார்கள். நேர்மையைக் கேட்கும் அதே நெறி அங்கே அவர்களுக்கு எதிராகத் திரும்பியது. விசாரணைக்குப் போகாமல் சமரசம் செய்துகொண்டார்கள், அதனால் அந்த வாதத்துக்குத் தீர்ப்பே கிடைக்கவில்லை. 1978இல் ஐ.இ.இ.இ. மூவருக்கும் பொதுநலச் சேவைக்கான விருது வழங்கியது.