கத்தோலிக்கக் கல்லூரி மாணவரிடையே விவிலிய வாசிப்பு

கத்தோலிக்கக் கல்லூரி மாணவரிடையே விவிலிய வாசிப்பு என்பது, மறைநூலைத் தனியாகவோ குழுவாகவோ வாசித்து, சிந்தித்து, செபித்து, தம் வாழ்க்கையோடு பொருத்திப் பார்க்கும் வழக்கம் ஆகும். தமிழகக் கத்தோலிக்கம் பல நூற்றாண்டுப் பழமை உடையது எனினும், இவ்வழக்கம் பரவியது ஏறத்தாழ கடந்த 60 ஆண்டுகளில்தான்.

பின்னணி

தரங்கம்பாடியில் சீகன்பால்கு மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1715ஆம் ஆண்டிலேயே அச்சாகி முடிந்தது. ஆயினும் அது சீர்திருத்தத் திருச்சபையினரின் முயற்சி. கத்தோலிக்க இல்லங்களின் பக்தி செபமாலை, நவநாள், திருத்தலப் பயணம் ஆகியவற்றைச் சுற்றியே அமைந்திருந்தது. திருப்பலி இலத்தீனில் நிகழ்ந்தது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 நவம்பர் 18 அன்று வெளியிட்ட இறை வெளிப்பாடு பற்றிய ஏடு, மறைநூல் நம்பிக்கையாளர் அனைவருக்கும் எளிதில் கிடைக்க வேண்டும் என்றது. 1995இல் வெளிவந்த 'திருவிவிலியம்' பொது மொழிபெயர்ப்பு, இணைத் திருமுறை நூல்களையும் இக்காலத் தமிழில் தந்தது. மாணவர் கையில் இன்று இருப்பது பெரும்பாலும் இதுவே.

வாசிக்கும் முறை

12ஆம் நூற்றாண்டுக் கர்த்தூசியத் துறவி இரண்டாம் குய்கோ வகுத்த நான்கு படிகள் இன்றும் பின்பற்றப்படுகின்றன: வாசித்தல், சிந்தித்தல், செபித்தல், இறைவன்முன் அமைதியில் நிலைத்தல். ஞாயிறு நற்செய்திகள் மூன்று ஆண்டுச் சுழற்சியில் வருவதால், வரும் ஞாயிறுக்குரிய பகுதியையே வார நடுவில் வாசித்துவிடுவது எளிய வழி.

எடுத்துக்காட்டாக, மத்தேயு 20ஆம் அதிகாரத்தின் திராட்சைத் தோட்ட உவமையில், மாலை ஐந்து மணிக்கு வேலைக்கு வந்தவருக்கும் ஒரு தெனாரியம் கிடைக்கிறது. அது அக்காலத்து ஒரு நாள் கூலி. விடியலில் வந்தவர் முணுமுணுக்கிறார். மக்காச்சோளமும் பருத்தியும் சின்ன வெங்காயமும் விளையும் பெரம்பலூர் மாவட்டத்தின் பூலாம்பாடி போன்ற ஓர் ஊரில், பெற்றோரின் நாள் கூலியில் படிக்கும் மாணவருக்கு இது வெறும் உருவகமாக இராது. வேலை கிடைக்காமல் நின்றவரின் அடுப்பும் எரிய வேண்டும் என்பது அவருக்கு விளக்கவுரை இல்லாமலே புரியும். முதல் படியை அவசரமாகக் கடப்பவர் இதைத் தவறவிடுவர்.

சமூகப் பார்வை

திருச்சிராப்பள்ளி தூய வளனார் கல்லூரியில் 1924இல் தோன்றிய அனைத்திந்திய கத்தோலிக்கப் பல்கலைக்கழக மாணவர் கூட்டமைப்பு (ஐக்கஃப்) வேறொரு கேள்வியை முன்வைத்தது: வாசித்தபின் என்ன செய்வது? பிரெஞ்சு இயேசு சபைக் குரு பியேர் செய்ராக் (1914–2012) இதன் வழிகாட்டியாக இருந்த காலத்தில் மாணவர்கள் ஏழை மக்களை நோக்கித் திருப்பப்பட்டனர். 1970ஆம் ஆண்டின் பூந்தமல்லி அறிக்கை நீதியான புதிய சமுதாயத்தை இயக்கத்தின் இலக்காக்கியது. பெல்ஜியக் குரு யோசேப் கார்டைன் பரப்பிய 'காண், தீர்ப்பிடு, செயல்படு' முறையில், முதலில் வாசிக்கப்படுவது சுற்றுப்புறம். மறைநூல் இரண்டாம் படியில் அளவுகோலாக வருகிறது.

இது செபத்தைச் சமூகப் பணியாகச் சுருக்கிவிடும் என ஒரு சாராரும், தனிச் செபம் மட்டும் கூலி கேட்டு நிற்பவரை மறக்கச் செய்யும் என மறு சாராரும் கூறுவர். இரண்டாம் அச்சமே வலுவானது எனலாம். ஆயினும் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் 2010இல் வெளியிட்ட 'ஆண்டவரின் வார்த்தை' மடல், இறைவார்த்தை வாசிப்பு செயலில் கனியாதவரை முடிவுறுவதில்லை என்று கூறி, குய்கோவின் நான்கு படிகளுக்குப் பின் செயலையும் வைக்கிறது.