பள்ளி வாசல் கொய்யாவும் நகரமன்றத் தீர்மானமும்

நாளிதழின் உட்பக்கத்தில், ஏல அறிவிப்புகளுக்கும் பெயர் மாற்ற விளம்பரங்களுக்கும் இடையே, பொடி எழுத்தில் ஒரு கட்டம் அவ்வப்போது வெளிவருவதுண்டு. "பொதுமக்களுக்கு இதன் மூலம் அறிவிப்பது யாதெனில்" என்று அது தொடங்கும். ஆட்சேபணையோ ஆலோசனையோ இருந்தால் இத்தனை நாட்களுக்குள் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும் என்று முடியும். அந்தக் கட்டத்தை நம்மில் எத்தனை பேர் படித்திருப்போம்? சினிமாப் பக்கம் கிழியும் வரை கைமாறுகிறது. இந்தப் பக்கமோ வடையின் எண்ணெயை ஒற்றி எடுக்கப் போய்ச் சேருகிறது.

ஆனால் வீட்டு வரி எவ்வளவு, குப்பையை எப்படிப் பிரித்துக் கொடுப்பது, எந்தத் தெருவில் கடை போடலாம், எங்கே கூடாது என்பவையெல்லாம் முடிவாகும் முன் நம்மைக் கேட்பது பெரும்பாலும் அந்தப் பொடி எழுத்துக் கட்டத்தில்தான். முடிவான பிறகு நாம் முணுமுணுக்கலாம். அதற்குக் காலக்கெடு இல்லை, பயனும் அதிகம் இல்லை. ஆகவே, நகரமன்றத்தின் அலுவல் எப்படி நடக்கிறது, அதில் பொதுமக்களின் குரல் எந்த இடத்தில் நுழைகிறது என்பதைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

நம் தாத்தா காலத்தில் "ஸ்தல ஸ்தாபனம்" என்றார்கள். இன்று உள்ளாட்சி என்கிறோம். நகரத்தை வார்டுகளாகப் பிரித்து, வார்டுக்கு ஓர் உறுப்பினரை மக்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். மாநகராட்சியானால் அவர் மாமன்ற உறுப்பினர். நகராட்சியானால் நகர்மன்ற உறுப்பினர். வீட்டில் நாம் எல்லோரையும் "கவுன்சிலர்" என்றே சொல்லி விடுகிறோம். சென்னையில் மட்டும் இப்படி 200 வார்டுகள் உள்ளன. மன்றம் கூடித் தீர்மானம் நிறைவேற்றுகிறது. அரசு நியமிக்கும் ஆணையர் அதைச் செயல்படுத்துகிறார். கூட்டத்திற்கு முன்பே பொருள் பட்டியல் தயாராகி விடும். விவாதம் இல்லாமலே பல பொருள்கள் நிறைவேறுவதும் உண்டு. யாரும் எதுவும் கேட்காத பொருளைப் பற்றி உறுப்பினர் மட்டும் ஏன் எழுந்து பேசப் போகிறார்?

தீர்மானம் என்றால் வெறும் காகிதம் என்று எண்ணி விட வேண்டாம். 1920-ஆம் ஆண்டில், சர் பிட்டி தியாகராயர் தலைவராக இருந்தபோது, சென்னை மாநகராட்சி மன்றம் ஒரு தீர்மானத்தை ஏற்றது. ஆயிரம் விளக்கிலுள்ள மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகளுக்கு, ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஓர் அணாவுக்கு மேற்படாமல் சிற்றுண்டி தருவது என்பதே அது. பின்னாளில் காமராஜர் மதிய உணவையும், 1982-இல் எம்.ஜி.ஆர். சத்துணவையும், 2022-இல் அரசு காலை உணவையும் தமிழகமெங்கும் கொண்டு சென்றதற்கு முன்னோடியாக அந்த ஓரணாத் தீர்மானத்தையே இன்றும் சுட்டிக் காட்டுகிறார்கள்.

உள்ளாட்சி என்றவுடன் நம் வரலாற்று நூலில் வரும் உத்திரமேரூர்க் கல்வெட்டு நினைவுக்கு வரும். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921-ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்டது. ஊரை 30 குடும்புகளாகப் பிரித்து, பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் இட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்த குடவோலை முறையை அது விவரிக்கிறது. கணக்குக் காட்டாதவருக்கு மறுபடி இடமில்லை என்ற விதியும் உண்டு. இன்றைக்கும் அதைக் கேட்டுப் பெருமூச்சு விடாதவர் இல்லை. நாம் பெருமைப்பட வேண்டியதுதான். ஆயினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சொந்த நிலமும் சொந்த மனையில் வீடும் உடைய ஆண்களின் பெயர்களே அந்தக் குடத்திற்குள் சென்றன. பெண்களின் பெயரும், கூலி வேலை செய்தவர்களின் பெயரும் அதில் இல்லை. ஊருக்கு விதி எழுதியவர்கள் வேறு, அந்த விதியின்படி வாழ்ந்தவர்களில் பெரும்பாலோர் வேறு.

சென்னை மாநகராட்சி 1688-இல் தொடங்கியது. இந்தியாவிலேயே மிகப் பழையது. அதன் மேயர் நாற்காலியில் ஒரு பெண் அமர 1956 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தாரா செரியன் அம்மையார் முதல்வர்; பின்னர் காமாட்சி ஜெயராமன்; 2022 மார்ச்சில் ஆர். பிரியா தமது 28-ஆம் வயதில் பொறுப்பேற்றார். இதற்குப் பின்னால் இரண்டு சட்டங்கள் நிற்கின்றன. 1993 ஜூன் 1 அன்று நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 74-வது திருத்தம், நகர உள்ளாட்சிகளில் மூன்றில் ஒரு பங்கு இடங்களைப் பெண்களுக்கு ஒதுக்கியது. 2016-இல் தமிழகம் அதைப் பாதியாக உயர்த்தியது. 2022 தேர்தலின்போது தமிழகத்திலிருந்த 21 மாநகராட்சிகளில் 11 மேயர் பதவிகள் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டன. பெயர் மனைவியுடையது, பேச்சு கணவருடையது என்ற நிலை சில ஊர்களில் இருப்பதாகக் கேள்விப்படுகிறோம். அது வெட்கத்துக்குரியது என்று இங்கே எழுதி வைப்பதில் நமக்குத் தயக்கமில்லை.

இனி, விதி ஒன்று எப்படி உருவாகிறது என்பதற்குத் தூரத்து உதாரணம் எதற்கு? மாலையில் மணி அடித்ததும் நாம் ஓடுகிற பள்ளி வாசலையே எடுத்துக் கொள்வோம். கொய்யாக் கூடையுடன் ஒரு பாட்டி. மாங்காயைப் பூவாக வெட்டி மிளகாய்ப்பொடி தூவும் ஓர் அண்ணன். மல்லிகைச் சரம் அளக்கும் ஓர் அக்கா. தள்ளுவண்டியில் வறுத்த கடலை. எந்தப் பள்ளி வாசலிலும் காணும் காட்சியே இது. அங்கே மூன்று வேறு சட்டங்கள் சந்திக்கின்றன என்பதை நாம் அறிவோமா?

முதலாவது, 2003-ஆம் ஆண்டின் புகையிலைப் பொருள் சட்டம். கல்வி நிலையத்தைச் சுற்றி 100 கஜ தூரத்துக்குள் பீடி, சிகரெட் போன்ற எந்தப் புகையிலைப் பொருளையும் விற்கக் கூடாது என்கிறது. இதில் இரண்டாவது கருத்துக்கே இடமில்லை. அடுத்தது, 2020-இல் வந்த உணவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறை. கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த உணவுகளைப் பள்ளி வாசலிலிருந்து எத்திசையிலும் 50 மீட்டருக்குள் பள்ளிப் பிள்ளைகளுக்கு விற்கக் கூடாது என்று அது சொல்கிறது. கொய்யாப் பாட்டி தப்பித்தார். மாங்காயின் மேல் தூவும் உப்பு எந்தக் கணக்கில் சேரும் என்று நமக்குள் ஒரு வழக்கே நடக்கலாம்!

மூன்றாவது சட்டமே நாம் இங்கு முக்கியமாகக் கருதுவது: 2014-ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டம். பாதை ஓரத்தில் விற்பது பிழைப்பு. அதை ஒழுங்குபடுத்தலாம், ஆனால் நினைத்தபடி அகற்றி விட முடியாது என்பது அதன் சாரம். ஐந்தாண்டுக்கு ஒருமுறையாவது வியாபாரிகளைக் கணக்கெடுக்க வேண்டும். கணக்கெடுத்து எல்லோருக்கும் சான்றிதழ் கொடுத்து முடியும் வரை ஒருவரையும் வெளியேற்றக் கூடாது. இடம் மாற்றுவதானால் 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும். பொருளைப் பறிமுதல் செய்தால் அதற்குப் பட்டியல் எழுதித் தர வேண்டும். அழுகும் பொருளானால், வியாபாரி வந்து கேட்கும் அன்றைக்கே திருப்பித் தர வேண்டும். பூவும் பழமும் மறுநாள் கிடைத்தால் யாருக்கு ஆகும் என்று யோசித்துத்தான் இதை எழுதியிருக்கிறார்கள்.

எந்தத் தெருவில் விற்கலாம், எங்கே நேரக் கட்டுப்பாட்டுடன் விற்கலாம், எங்கே விற்கவே கூடாது என்று நகரத்தை மூவகையாகப் பிரிக்க வேண்டும். ஒரு வார்டின் மக்கள்தொகையில் இரண்டரை சதவீதம் பேர் வரை தெரு வியாபாரத்தில் இடம் பெறலாம். அதாவது 40,000 பேர் வாழும் வார்டில் 1,000 பேர் வரை. இவற்றையெல்லாம் பரிந்துரைக்க நகர விற்பனைக் குழு என்று ஒன்று உண்டு. ஆணையர் அதன் தலைவர். போக்குவரத்துக் காவலர், மருத்துவ அலுவலர், குடியிருப்போர் சங்கத்தார், கடைக்காரர் சங்கத்தார் முதலியோர் அதில் அமர்வார்கள். உறுப்பினரில் நூற்றுக்கு நாற்பதுக்குக் குறையாமல் தெரு வியாபாரிகளே இருக்க வேண்டும். அவர்களைத் தெரு வியாபாரிகளே வாக்களித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். அவர்களிலும் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். உத்திரமேரூர்க் குடத்தில் ஓலை இல்லாதவர்களுக்கு இங்கே ஓலை கிடைத்திருக்கிறது எனலாம்.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. அதை மறைத்து எழுதுவது நேர்மையாகாது. வாசலில் ஆட்டோவும் பள்ளி வேனும் தள்ளுவண்டியும் ஒன்றோடொன்று இடித்துக் கொள்ளும்போது, சின்ன வகுப்புப் பிள்ளைகள் தார்ச்சாலையில் இறங்கி நடக்க நேரிடுகிறது. அந்த அச்சம் பெற்றோருக்கு இருப்பது நியாயம். ஈ மொய்த்த பழத்தைத் தின்று வயிற்றுவலியுடன் வகுப்பில் சுருண்டு கிடக்கும் பிள்ளையைப் பார்க்கும் சிஸ்டர்களின் கவலையும் நியாயமே. "எல்லாக் கடையையும் எடுத்து விடுங்கள்" என்று ஒரு மனு எழுதி நூறு கையெழுத்து வாங்குவது இதற்கு எளிய வழியாகத் தோன்றும்.

ஆனால் அந்த மனு சட்டத்தின் முன் நிற்காது. நெரிசல் என்ற ஒரே காரணத்துக்காக ஓர் இடத்தை விற்பனை தடைசெய்த பகுதியாக அறிவிக்கக் கூடாது என்று 2014-ஆம் ஆண்டுச் சட்டத்தின் முதல் அட்டவணையிலேயே இருக்கிறது. சுகாதாரக் குறையும் அப்படித்தான். அந்தக் குறை முழுக்க முழுக்க வியாபாரிகளால் மட்டுமே ஏற்பட்டு, நகராட்சியின் முயற்சியாலும் தீராததாக இருந்தாலன்றித் தடைக்கு அது காரணமாகாது. குப்பைத் தொட்டி வைக்காத நகராட்சி, குப்பை சேருகிறதென்று பாட்டியின் கூடையைத் தூக்க முடியாது! வெகுகாலமாக வாங்குவோரும் விற்போரும் கூடி வரும் இயற்கைச் சந்தையைத் தடைப்பகுதியாக்கவும் வழியில்லை.

அப்படியானால் எதைக் கேட்கலாம்? வாசலின் இருபுறமும் இத்தனை அடி தூரம் காலியாக விடப்பட வேண்டும் என்று கேட்கலாம். பள்ளி தொடங்கும், முடியும் அரைமணி நேரத்துக்கு வண்டிகள் எதிர்ப்புறத்தில் நிற்க வேண்டும் என்று கேட்கலாம். குடிநீர்க் குழாயும் மூடியுள்ள குப்பைத் தொட்டியும் வேண்டும் என்று கேட்கலாம். நேரம், போக்குவரத்து ஒழுங்கு, சுத்தம், கட்டணம் ஆகியவற்றைப் பற்றித் துணை விதி இயற்றும் அதிகாரம் உள்ளாட்சிக்கு உண்டு. இப்படிக் கேட்டால் பிள்ளையும் பத்திரமாக வீடு சேரும், பாட்டியின் அடுப்பும் எரியும். எளியவர்களுக்கு நீதி என்று காலை வழிபாட்டில் மன்றாடிவிட்டு, மாலையில் அவர்களை விரட்டச் சொல்லி நாமே கையெழுத்துப் போடுவது பொருந்துமா?

இதையெல்லாம் சொல்வதற்கு இடம் எங்கே என்று கேட்பீர்கள். கிராமத்தில் கிராம சபை உண்டு. ஊரார் மரத்தடியிலோ பள்ளிக்கூடத்திலோ கூடி நேருக்கு நேர் கேட்டு விடுகிறார்கள். நகரத்தாருக்கு அந்த வசதி வெகு காலம் இல்லை. மூன்று லட்சத்துக்கு மேல் மக்கள் வாழும் நகரங்களில் வார்டு குழுக்கள் வேண்டும் என்று அரசியலமைப்பு 1993 முதலே சொன்னாலும், தமிழகத்தில் வார்டு குழுவுக்கும் பகுதி சபைக்குமான விதிகள் வெளிவந்தது 2022-இல்தான். ஒவ்வொரு வார்டும் சில பகுதிகளாகப் பிரிக்கப்படுகிறது. அந்தப் பகுதியின் வாக்காளர் அனைவரும் பகுதி சபையின் உறுப்பினர்கள். 2022 நவம்பர் 1 அன்று இச்சபைகள் கூடின. கூட்டம் நடக்கிற செய்தியே பல வீடுகளுக்கு எட்டுவதில்லை. எட்டினாலும் "அவருக்கு அலுவலகம், எனக்கு அடுப்பு" என்று கழிந்து விடுகிறது. நம் தாய்மார்கள் மாதாந்திரப் பெற்றோர் கூட்டத்துக்கு வருவதுபோல் இதற்கும் இரண்டிரண்டு பேராகப் போய் வந்தால் கவுன்சிலருக்கும் சற்றுப் பயம் இருக்கும்.

மாணவியராகிய நமக்குப் பதினெட்டு வயது ஆகும் வரை வாக்கு இல்லை. எழுதத் தெரியும் அல்லவா? வீட்டுப் பெரியவர் பெயரில் மனுவை நாமே எழுதித் தரலாம். இலக்கண வகுப்பில் கடிதம் எழுதப் பழகியது வேறு எதற்காம்?

மனுவின் தலைப்பில் அறிவிப்பின் எண்ணும் தேதியும் இருக்க வேண்டும். அவை இல்லாவிட்டால் எந்தப் பொருளைப் பற்றிய கருத்து என்றே தெரியாமல் அது வேறு கோப்பில் போய் உறங்கும். "பெருத்த அவதிக்குள்ளாகிறோம்" என்று பொதுவாகப் புலம்புவதைவிட, எந்த இடத்தில், எத்தனை மணிக்கு, என்ன நடக்கிறது என்று நான்கு வரி எழுதுவது மேல். அதற்குக் கீழே, விதியின் எந்த வாசகத்தை எப்படி மாற்ற வேண்டும் என்று மாற்று வாசகத்தையே எழுதி விடலாம். கோப்பைப் பார்க்கும் எழுத்தருக்கு வேலை குறைந்தால் நம் வாசகம் நிலைக்க வாய்ப்புண்டு. இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் அலுவலக முத்திரையும் தேதியும் பெற்று வீட்டில் வைத்துக் கொள்ள வேண்டும். நம் மனு என்னவாயிற்று, மன்றத்தில் என்ன தீர்மானமாயிற்று என்று அறிய 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய் கட்டணத்துடன் விண்ணப்பித்தால் 30 நாட்களுக்குள் பதில் தந்தாக வேண்டும்.

கெடு நாளை மட்டும் சரியாக எண்ணிக் கொள்ளுங்கள். பெரும்பாலும் அறிவிப்பு வெளியான தேதியிலிருந்து அது கணக்காகும். வடை சுற்றி வந்த காகிதத்தில் நாம் அதைப் படித்த தேதியிலிருந்து அன்று.